டொறத்திக்குப் பட்ட நாவூறு

1

கிளிநொச்சியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி போன கிழமை ரெலிபோன் எடுத்தான். சுகம் கேட்டான். இங்கே குளிரா என்று கேட்டான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணை, நீங்கள் லண்டனிலை பண்டி மேய்க்கிறியள் எண்டு இஞ்சை கதைக்கினம். உண்மையோ?"

உண்மை என்றேன். அவன் பக்கத்தில் யாரோ நின்று "என்னவாம், என்னவாம்" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

கதை ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

பன்றி என்னுடையது அல்ல. அவளுக்குப் பெயர் டொறத்தி. அவளைப் போட்டிக்குக் கொண்டுபோனது உண்மை. என் மனைவி சரோவால் போட்டி இடையில் நின்றதும் உண்மை. சரோ பன்றியோடு மேடையில் ஆடினாள் என்பது பொய். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

2

நான் முதலில் ஜெர்மனி. பிறகு லண்டன். மனோர் பார்க்கில் வீடு. பாண் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வேலை. முழங்கால் இரண்டும் பழுதாகி வேலையும் போனது. வீட்டில் இருந்தேன். எனக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. சரோ கழுவி வைத்த கோப்பைகளை நான் திரும்பக் கழுவினேன். அவள் மடித்து வைத்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தேன். ஒருநாள் அவள் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். முழங்காலுக்கு என்று நினைத்தேன். உள்ளே போனதும் மகள் அனுவைக் கொண்டு சொல்லுவித்தாள், இவரை எங்கேயாவது அனுப்புங்கோ என்று.

இங்கே டொக்டர் எல்லாவற்றுக்கும் குளிசை தரமாட்டார். சிலருக்கு ஆட்களைத் தருவார். எனக்கு ஒரு பெண்ணைத் தந்தார். அவள் ஒரு கதிரையில் என்னை இருத்தி, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டாள். அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தெரியாது என்றேன். பாட்டா? இல்லை. படம் கீறுவதா? இல்லை. ஊரில் என்ன இருந்தது? மாடு இருந்தது, ஆடு இருந்தது. அவள் முகம் மலர்ந்து வேகமாக எழுதினாள். மிருகங்களில் மிகுந்த பிரியம் உள்ளவர் என்று எழுதியிருந்ததாக அனு பிறகு வாசித்துச் சொன்னாள். மாடு இருந்தது என்றுதான் நான் சொன்னேன். பிரியம் என்று சொல்லவில்லை.

அப்படித்தான் அந்தப் பண்ணைக்குப் போனேன். கிழக்கு லண்டனில் வீடுகளுக்கு நடுவே கம்பி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் ரயில் பாதை. மறுபக்கம் கார் திருத்தும் இடம். நடுவில் ஆடு, வாத்து, ஒரு கழுதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சம்பளம் இல்லை. தேத்தண்ணி உண்டு.

பொறுப்பாக இருந்தவள் ஜில். வெள்ளைக்காரி. என் வயது இருக்கும். அவளும் அதிகம் பேசமாட்டாள். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஒரு சோடி நீளச் சப்பாத்தைத் தந்து மூலையில் இருந்த பன்றிக் கொட்டில் பக்கம் கையைக் காட்டினாள். அவள் பேசுவது ஆங்கிலம். நான் அதைத் தமிழில்தான் எழுதப்போகிறேன். எனக்கு விளங்கிய அளவுதான் உங்களுக்கும் கிடைக்கும்.

எனக்குப் பன்றியை விரட்டத்தான் தெரியும். வன்னியில் நாங்கள் மரவள்ளி வைத்திருந்த காலத்தில் காட்டுப் பன்றி வந்து கிழங்கைக் கிண்டிப் போட்டுவிடும். என்னைப் பெத்த ஐயா மண்ணெண்ணெய்த் தகரத்தில் தட்டிக்கொண்டு ஓடுவார். நான் கல் எறிவேன். பன்றியின் முகத்தை நான் கண்டதே இல்லை. கண்டது எல்லாம் பின்பக்கம்தான். ஆகவே டொறத்தி திரும்பி நின்று என்னைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்போது அவள் சின்னக் குட்டி. வெள்ளை நிறம். நிமிர்ந்த காது. மூக்கு உள்ளே போய் முகம் சப்பையாக இருக்கும். மிடில் வைட் என்று இனத்தின் பெயர். இந்த நாட்டிலேயே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறதாம். ஜில் சொன்னாள். எங்கள் சனத்தைவிடக் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

3

இந்த நாட்டில் பன்றிக்கு இருக்கும் சட்டம் எனக்கு இல்லை.

பன்றி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக அனுமதி வேண்டும். எங்கே பிறந்தது, எங்கே போகிறது, எந்த லொறியில் போகிறது, எல்லாம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்தும் அறிவிக்க வேண்டும். நான் ஜெர்மனியிலிருந்து இங்கே வந்தபோது இதில் ஒன்றும் நடக்கவில்லை.

சாப்பாடு இன்னும் கடுமை. ஒருநாள் கோயிலில் அர்ச்சனை செய்த தட்டில் இருந்த வாழைப்பழத்தை டொறத்திக்குக் கொண்டுபோனேன். ஜில் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"இது உன் வீட்டுக் குசினிக்குள் போனதா?"

போனது என்றேன். ஒரு இரவு அங்கேதான் இருந்தது. அப்படியானால் குற்றம் என்றாள். வீட்டுக் குசினிக்குள் போய்வந்த எதையும் பன்றிக்குக் கொடுக்கக் கூடாது. முன்பு ஒருமுறை அப்படிக் கொடுத்து நாடு முழுக்க மிருகங்களுக்கு நோய் வருத்தம் பரவினதாம். இறைச்சி இல்லாத வீடு, வெள்ளிக்கிழமை, சாமிக்குப் படைத்த பழம் என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். சாமிக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று விளங்கியது. பழத்தை நான் சாப்பிட்டேன். டொறத்தி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்றிக்கு எங்கள் குசினி ஆகாது. சரோவின் குசினிக்குப் பன்றி ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே சட்டம். நான் பண்ணையால் வந்தால் முன்வாசலால் வர முடியாது. பின்பக்கத்தால் சுற்றி வந்து, உடுப்பைக் கழற்றி ஒரு நீல வாளிக்குள் போட்டு, நேரே குளிக்கப் போக வேண்டும். அந்த வாளியை வேறு யாரும் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு வங்காளதேசத்து மனிதர் ஜன்னலால் பார்த்து ஒருநாள் கேட்டார், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று. இல்லை, பன்றி என்றேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

"தோட்டம் கொத்தப் போறியள் எண்டு நினைச்சன்," என்றாள் சரோ. "கத்தரிக்காய் கொண்டுவருவியள் எண்டு பாத்தால் நாத்தம் கொண்டுவாறியள்."

அனு வேறு விதம். அவள் ஸ்ராற்போட்டில் ஒரு கந்தோரில் வேலை. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் இறைச்சி, முட்டை, பால், தேன் ஒன்றும் தொடமாட்டாள். தேத்தண்ணிக்குள் ஓட்ஸ் தண்ணி விடுவாள். பன்றியைப் போட்டியில் நடத்திக் காட்டுவது அதன் உரிமையைப் பறிப்பது என்று ஆங்கிலத்தில் எனக்கு அரை மணித்தியாலம் சொன்னாள். முடிவில் "அப்பா, are you even listening?" என்றாள். ஓம் என்றேன். சரோவுக்குப் பன்றி அழுக்கு. அனுவுக்குப் பன்றி பாவம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கைகழுவிக்கொண்டு சாப்பிட்டேன்.

4

கோயிலில் சரோ, இவர் கவுன்சிலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு வகையில் சரி. நிலம் கவுன்சிலுடையது.

மணியண்ணை என்று ஒருவர் இருக்கிறார். ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. இங்கே இரண்டு கடை. அவருடைய பேரப்பிள்ளையின் வகுப்பைப் பள்ளிக்கூடம் பண்ணைக்குக் கூட்டிவந்தது. பிள்ளை படம் எடுத்தது. படத்தில் நான் பன்றிக்கு முதுகு தேய்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு நிற்கும்போது மணியண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கவுன்சிலிலை உமக்கு நல்ல பதவிதான். கீழை வேலை செய்யிற ஆக்கள் நாலு காலிலை நிக்கினம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி நல்ல பகிடிதான். ஆனால் சரோ சிரிக்கவில்லை. பொங்கலை வாங்காமல் வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, இனி அந்தப் பண்ணைக்குப் போனால் அங்கேயே படுங்கள் என்றாள். ஒரு கிழமை போகாமல் இருந்தேன். கோப்பைகளைத் திரும்பக் கழுவத் தொடங்கினேன். எட்டாம் நாள் அவளே நீல வாளியை எடுத்துப் பின்வாசலில் வைத்தாள்.

5

போட்டி என்றால் ஓட்டப் போட்டி இல்லை. அழகுப் போட்டி. வட்டமாக வேலி போட்ட இடத்தில் பன்றியை நடத்த வேண்டும். கையில் ஒரு தடி, ஒரு பலகை. தடியால் அடிக்கக் கூடாது, தொட்டுத் திருப்பலாம். பலகையால் மறிக்கலாம். நடுவர் பார்ப்பார். நடை, முதுகு, கால், முலைக்காம்பு, தோல். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு விதி. கறுப்பு இனம் கறுப்பாகவே இருக்க வேண்டும். வெள்ளை இனத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் குறை. எங்கள் கலியாணத் தரகர்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள்.

ஜில்தான் நடத்துவதாக இருந்தது. நான் பழக்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் கழுதைக் கொட்டிலைச் சுற்றி நடந்தோம். நான் டொறத்தியோடு தமிழில் கதைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. மனிதரோடு பேசும் ஆங்கிலமே எனக்குப் பிழையாகத்தான் வருகிறது. பன்றியையும் ஏன் குழப்புவான்? வா பிள்ளை என்றால் வருவாள். நில்லடி என்றால் நிற்பாள். அங்காலை என்றால் திரும்புவாள். உண்மையைச் சொன்னால், நான் தமிழில் ஒன்று சொல்ல உடனே திரும்பிப் பார்ப்பவள் இந்த லண்டனில் அவள் ஒருத்திதான். அனுவுக்கு மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் "What, அப்பா?" என்பாள்.

ஒத்திகை நாளில் ஜில் தடியை எடுத்தாள். டொறத்தி கீழே இருந்துவிட்டாள். ஜில் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அப்பிள் காட்டினாள். இவள் அப்பிளைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப இருந்தாள். நான் வேலிக்கு வெளியே நின்று "எழும்பு பிள்ளை" என்றேன். எழும்பினாள்.

ஜில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவளும் தமிழில் சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. வேறு கருத்து வருகிறது. டொறத்தி அசையவில்லை. ஜில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

"நீ நடத்து."

முடியாது என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் ஒருபோதும் நின்றதில்லை. என் கலியாணத்திலேயே குனிந்துகொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் ஜில் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலியில் சாய்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பண்ணையை நடத்தும் கமிட்டி முடிவு எடுத்துவிட்டது. இடமும் தீனும் குறைவு. குட்டி போட வைத்திருக்கத் தகுந்த பன்றி என்றால் வைத்திருக்கலாம். சும்மா நிற்கும் பன்றியை வைத்திருக்க முடியாது. கண்காட்சியில் டொறத்தி முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தகுதி. வராவிட்டால் மாரிக்கு முன் கசாப்புக்கு.

"சொசேஜ்," என்றாள் ஜில். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரமும் சொன்னாள்.

ஓகே என்றேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்தால் சுற்றிப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட இருந்தேன். சரோ இரண்டாம் தரம் சோறு போட வந்தபோது போதும் என்றேன். நான் போதும் என்று சொல்வதில்லை. அவள் அகப்பையோடு நின்றாள். சொன்னேன்.

"பண்டிக்கு முடிவு அதுதானே," என்றாள். சொல்லிவிட்டு, போதும் என்ற சோற்றைத் தட்டில் போட்டாள்.

அனு மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். காது கீழேதான் இருந்திருக்கிறது. நான் போட்டிக்கு எதிர்ப்பு, அது மாறாது, ஆனால் கார் நான் ஓடுகிறேன் என்றாள். எனக்காக இல்லையாம். டொறத்திக்காகவாம்.

6

கண்காட்சி லண்டனுக்கு வெளியே, எசெக்ஸ் பக்கம். ஜில் டொறத்தியை வாகனத்தில் கொண்டுபோனாள். நாங்கள் அனுவின் காரில் பின்னால் போனோம். சரோ வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேலை உடுத்திக்கொண்டு, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ஏறினாள்.

"அங்கை உங்களுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்? பண்டிதான் கிடைக்கும்."

அது உண்மையாகவே நடந்தது. நாங்கள் கார் நிறுத்திய இடத்துக்கு முன்னாலேயே பன்றி இறைச்சி பாணுக்குள் வைத்து விற்றார்கள். நல்ல கூட்டம். அனு மூக்கைப் பொத்தினாள். நான் டொறத்தியை வேறு பக்கத்தால் கொண்டுபோனேன்.

கொட்டிலில் வைத்து அவளைக் குளிப்பாட்டினேன். பிள்ளைகளின் சம்பூ. மெல்லிய பிரஷ். ஈரம் உலர்ந்ததும் மாவு மாதிரி மரத்தூளைத் தடவித் தட்டி எடுக்க வேண்டும். வெள்ளை இனத்துக்கு அது பவுடர். எல்லாம் முடிந்து அவள் எழும்பி நின்றபோது, நான் பிரியம் என்று சொல்லாதவன், ஆனால் சொல்கிறேன், நன்றாக இருந்தாள்.

சரோ அன்றுதான் அவளை முதல் முதல் நேரில் கண்டாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். என்ன அழகு என்றார்கள். பிள்ளைகள் படம் எடுத்தார்கள். பக்கத்துக் கொட்டிலில் கறுப்புப் பன்றி கொண்டுவந்த ஒரு மனிசி. சிவந்த முகம், பெரிய கை. அவள் வேலியில் முழங்கையை ஊன்றி டொறத்தியை நெடுநேரம் பார்த்தாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். எங்களுடையது இதற்குக் கிட்ட நிற்க முடியாது என்றாள். நான் தேங்க்யூ என்றேன். சரோ அந்த மனிசியைப் பார்த்தாள்.

பிறகு நான் கோட்டுப் போடவும் கழுத்துப்பட்டி கட்டவும் போனேன். கழுத்துப்பட்டி ஜில்தான் கட்டிவிட்டாள். திரும்பி வந்தபோது எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். தடியை எடுத்தேன். பலகையை எடுத்தேன். வா பிள்ளை என்றேன்.

உள்ளே ஐந்து பன்றிகள், எல்லா இனமும் கலந்து; பக்கத்துக் கொட்டில் கறுப்பும் அதில் ஒன்று. நடுவர் வட்டத் தொப்பி போட்ட வயதான மனிதர். டொறத்தி தலையைக் குனிந்து, அவசரம் இல்லாமல், கோயில் வீதி சுற்றுவது போல நடந்தாள். நானும் குனிந்துகொண்டுதான் நடந்தேன். நடுவர் எங்களை இரண்டு தரம் பார்த்தார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

டொறத்தியின் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

நல்ல வட்டமான புள்ளி. அரை மணித்தியாலத்துக்கு முன் நான் தேய்த்த கன்னம் அது. அப்போது இருக்கவில்லை. நடுவர் பெருவிரலால் தேய்த்தார். போகவில்லை. துப்பல் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. தோளில் பட்டி கட்டிய இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மற்றப் பன்றிகளை நிறுத்தினார்கள். இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

நான் வேலிக்கு வெளியே பார்த்தேன். ஜில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அனு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். சரோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை வருமா என்று பார்ப்பது போல.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் இதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. "மை வைஃப்," என்றேன். அதோடு நின்றுவிட்டேன். நடுவர் காத்துக்கொண்டு நின்றார். பட்டி கட்டியவர் மிருகத்துக்கு நிறம் பூசினால் போட்டியிலிருந்து விலக்குவது என்று ஏதோ விதியைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டது, சொசேஜ். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது.

"அனு," என்று கூப்பிட்டேன். முதல் தரத்திலேயே திரும்பினாள்.

வேலிக்குக் கிட்ட வந்தாள். தாயிடம் கேட்டாள். சரோ வானத்திலிருந்து கண்ணை இறக்காமல் சொன்னாள்.

"எல்லாரும் வந்து வந்து வடிவு வடிவு எண்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தப் பக்கத்து மனிசி விட்ட மூச்சைக் கேட்டனியே? அதுதான் உன்ரை மைப் பென்சிலாலை ஒரு பொட்டு வைச்சனான்."

"அம்மா, that's waterproof," என்றாள் அனு.

பிறகு அவள் நடுவர் பக்கம் திரும்பினாள். பன்றிப் போட்டியே கூடாது என்று எனக்கு அரை மணித்தியாலம் சொன்ன பிள்ளை, தொப்பி போட்ட அந்த மனிதருக்கு நாவூறு என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினாள். ஒரு குழந்தை மிகவும் அழகாக இருந்தால் பார்க்கிறவர்களின் கண் படும், அதனால் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்து அழகைக் கொஞ்சம் கெடுத்துவிடுவது எங்கள் வழக்கம் என்றாள். எனக்கும் வைத்திருக்கிறார்கள், வீட்டில் படம் இருக்கிறது என்றாள்.

நடுவர் இதைக் கவனமாகக் கேட்டார்.

"அப்படியானால், அழகுப் போட்டிக்குக் கொண்டுவந்து, வேண்டுமென்றே அழகைக் கெடுத்தார்களா?"

"ஓம்," என்றாள் அனு. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டாள்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடத்தில் இருந்த புள்ளியை மறைத்தவர்களை நிறையப் பிடித்திருக்கிறேன், இல்லாத புள்ளியைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான் என்றார். ஏமாற்ற வைத்தது அல்ல, ஆகவே விலக்க மாட்டேன். ஆனால் புள்ளியோடு வெள்ளைப் பன்றிக்கு மதிப்புப் போட முடியாது. அழித்துவிட்டுக் காட்டுங்கள். அழியாவிட்டால் நான் என்ன செய்வது என்று கையை விரித்தார்.

வைத்தவளே அழிக்கட்டும் என்று அனு சொன்னாள். சரோ உள்ளே வந்தாள். பட்டி கட்டியவர் மறித்தார். வெள்ளைக் கோட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாதாம். ஜில் எங்கேயோ ஓடிப்போய் ஒரு கோட்டு வாங்கி வந்தாள். சேலைக்கு மேல் அதைப் போட்டாள் சரோ. ஆர்மி டொக்டர் மாதிரி இருந்தாள். கூட்டத்தில் கொஞ்சப் பேர் கைதட்டினார்கள். இந்த இடம்தான் ஊருக்கு வரும்போது நடனம் என்று மாறியது.

தண்ணியால் தேய்த்தாள். போகவில்லை. சவர்க்காரத்தால் தேய்த்தாள். போகவில்லை. அப்போது கறுப்புப் பன்றிக்காரி தன் பன்றியை விட்டுவிட்டு வந்தாள். கறுப்பு இனத்துக்கு மினுக்க எண்ணெய் பூசுவார்கள். சட்டைப் பையிலிருந்து அந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சரோவின் கையில் வைத்தாள். இது போட்டால் எந்த மையும் கழன்றுவிடும் என்றாள். சரோ அவளையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வழி இல்லை.

டொறத்தி தலையை ஆட்டினாள். சரோ பன்றியின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஆடாதை பிள்ளை. கண்ணுக்கை போயிடும். கொஞ்சம் பொறு."

டொறத்தி கல் மாதிரி நின்றாள். சரோ முந்தானைத் தலைப்பைக் கோட்டுக்குள்ளிருந்து இழுத்து எடுத்தாள். அது அவளுடைய நல்ல சேலை. அதில் எண்ணெயை விட்டு, ஒரு கையால் தாடையைப் பிடித்து, மெல்ல மெல்லத் துடைத்தாள். மை கழன்றது. கன்னம் வெளுத்தது. நடுவர் குனிந்து பார்த்தார். பெருவிரலால் தேய்த்துத் தன் விரலைப் பார்த்தார். சரி என்றார்.

இன்னொரு சுற்று நடந்தோம். இந்த முறை நான் குனியவில்லை. ஏன் என்று தெரியாது. எங்களுக்கு வரக்கூடிய அவமானம் எல்லாம் வந்து முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதலாவது கறுப்புப் பன்றி. இரண்டாவது டொறத்தி.

இரண்டாம் இடத்துக்கான நீலப் பட்டியை ஜில் வாங்கினாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அனு வேறு பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்தாள். புல்லின் பூந்தூள் ஒவ்வாது என்றாள். நாங்கள் காரில் இருந்து புட்டுச் சாப்பிட்டோம். சரோவுக்கு இரண்டாம் இடத்தில் திருப்தி இல்லை.

"நல்ல மனிசி," என்றாள், கறுப்புப் பன்றிக்காரியைப் பற்றி. "கண்தான் கொஞ்சம் அப்பிடி. பொட்டு இருந்திருந்தால் முதலாவது எங்களுக்குத்தான்."

7

கமிட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. டொறத்தி இருக்கிறாள். இருப்பது என்றால் குட்டி போட வேண்டும். குட்டி போட ஆண் வேண்டும். கென்ட் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு மிடில் வைட் ஆணைக் கொஞ்ச நாளுக்குக் கொண்டுவருவதாக ஜில் ஒழுங்கு செய்தாள். நான் வீட்டில் சாப்பிடும்போது இதைச் சும்மா சொன்னேன்.

சரோ தண்ணிக் கோப்பையை வைத்தாள்.

"தாய் தேப்பன் ஆர்?"

ஜில் வைத்திருந்த வம்சப் பத்திரத்தின் படத்தை ரெலிபோனில் காட்டினேன். நாலு தலைமுறை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பெயர், பிறந்த இடம், வாங்கிய பரிசு. சரோ கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அனுவுக்கு வந்த சம்பந்தம் ஒன்றிலும் இவ்வளவு விபரம் தரவில்லை என்றாள். அனு, டொறத்தியிடம் யாராவது கேட்டீர்களா என்றாள். அவளுக்கு உன்னைப் போல வாய் இல்லை என்றாள் சரோ.

கென்ட்காரர் வந்து இறங்கிய நாளில் சரோவும் பண்ணைக்கு வந்தாள். நீளச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலிக்குக் கிட்ட நின்றாள். வாகனத்தின் கதவு திறந்தது. பெரிய உருவம். இறங்கினார். ஒரு சுற்றுப் பார்த்தார். டொறத்தி வாசலிலேயே நின்றாள். அவளைத் தாண்டி நேரே தீன் தொட்டிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டார்.

சரோ இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"வந்தவுடனை பெட்டையை ஒருக்கால் திரும்பிப் பாக்கேல்லை. சாப்பாட்டைத்தான் பாத்தவர்."

டொறத்தி மட்டும் என்ன, தொட்டியைக் கண்டால் அவளும் அப்படித்தானே என்றேன்.

சரோ என் பக்கம் திரும்பினாள்.

"எங்கடை பிள்ளையை அதோடை சேர்த்துக் கதையாதையுங்கோ."